நடுங்காத ஜாய்ஸ்டிக்

மூன்றாவது ஜாய்ஸ்டிக்கையும் பெட்டியோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சியார் படியேறிய வேகத்தைப் பார்த்து, எதிரே இறங்கி வந்த இரண்டு பேர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்? முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற மனிதரோடு மாடிப்படியில் யார் மல்லுக்கு நிற்பது!

உச்சியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் ஒற்றைக்காலில் நெட்டையாக நிற்குமே டவர் கிரேன், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகக் கம்பியும் கான்கிரீட்டும் ஏற்றி இறக்குகிறவர் என்பதால் கீழே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். பகல் முழுக்கத் தலைக்கு மேலே ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்து பழகிவிட்ட மனிதர். தரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வந்த கஷ்டம்.

கோபம் அவருக்கு மூக்குக்கு மேலே. குழாய் சொட்டினால் குழாயைத் திட்டுவார். நிலைப்படி தலையில் இடித்தால் அதைக் கட்டிய கொத்தனாரைத் திட்டுவார். தப்பு தன் பக்கமும் இருக்கலாம் என்கிற யோசனை மட்டும் அந்த மண்டையில் எட்டிப் பார்த்ததே கிடையாது. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு டன் கம்பிக் கட்டைப் பதினைந்து மாடி உயரத்தில், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். வலது கைப்பக்கம் இருக்கும் லீவரைத் தள்ளினால் கொக்கி இறங்கும், இழுத்தால் ஏறும். அந்த லீவரும் அவர் கையும் ஒன்றுக்குள் ஒன்று என்று மேஸ்திரிகளே சொல்வார்கள்.

விமானப் பைத்தியம் பிடித்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். மகள் கல்யாணமாகிப் போகும்போது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். அதில் விமானம் ஓட்டிப் பழகுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் உச்சியாருக்குப் பொத்துக்கொண்டு வரும். "இது வெளையாட்டு இல்ல, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறது வரைக்கும் கணக்குல வருது" என்பார். ஒற்றை எஞ்சின் குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ரன்வேயில் இறக்குவார். மறுபடி ஏறுவார், மறுபடி இறக்குவார். பறப்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. இறக்குவதில்தான் ருசி.

அந்த இறக்கத்தில்தான் இப்போது இடி விழுந்திருந்தது. ரன்வே நெருங்க நெருங்க விமானத்தின் மூக்கு கிடுகிடுவென்று மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிடும். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் ஒன்று குதிக்கும், இல்லையென்றால் குப்புற விழும். விமானத்தைச் சாய்த்து ஓட்டுகிற கைப்பிடியான ஜாய்ஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். ஐந்து வருஷத்துப் பொருள், நியாயம்தான். புதிது வாங்கினார், ஆடியது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதைவிட நல்லதாக ஒன்று வாங்கினார், இன்னும் ஆடியது. அதையும் கொடுத்துவிட்டு, கடையில் இருப்பதிலேயே உசத்தி என்று மூன்றாவதை வாங்கினார். விமானம் பேயாட்டம் ஆடியது. விலை ஏற ஏற ஆட்டமும் ஏறினால் மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

கடை முதல் மாடியில் இருந்தது. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும் கட்டடம் அது. இந்தக் கடையை நடத்துகிறவள் முப்பத்தைந்து வயதுப் பெண். காதில் பேனா சொருகுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் சொருகியிருப்பாள். உச்சியாரைப் பார்த்ததும் கையிலிருந்த கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"வாங்க சார். இதுவுமா?"

"இதுவுமாவா? ஏம்மா, நான் என்ன ஏமாந்த சோணகிரின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? திருப்பிக் குடுத்ததையே பெட்டி மாத்தி மாத்தி எனக்கே விக்கிறியா?"

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவா பேசறதுக்கு நீ நல்ல பொருளைக் குடுத்திருக்கணும்!"

அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? இந்த மனிதர் சாமான் வாங்குகிற லட்சணம் அவளுக்குத்தானே தெரியும். ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கையும் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சாய்த்துப் பார்ப்பார், விட்டுப் பார்ப்பார், ஸ்பிரிங் திரும்பி வருகிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார். "துப்பாக்கி சுடற பட்டன் எனக்கு எதுக்கு? நான் பத்திரமா இறக்கறவன்மா, சுடறவன் இல்ல" என்று ஒன்றை ஒதுக்குவார். பிடி வழுக்குகிறது என்று இன்னொன்றை ஒதுக்குவார். ஒரு முழு மத்தியானம் இப்படியே போகும். அதற்குப் பிறகும் நாலே நாளில் பெட்டியும் கையுமாக வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இது உள்ள உரசற பாகமே கிடையாது சார். காந்தம் வெச்சது. தேயவே தேயாது. ஆடறதுக்கு வழியே இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"யாரு பொய்னு மிஷினே சொல்லட்டும்" என்று பெட்டியைப் பிரித்து, ஜாய்ஸ்டிக்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது. கட்டத்தின் நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி. ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் நகரும், அவ்வளவுதான். அவள் கையை எடுத்தாள். கூட்டல் குறி ஆணி அடித்த மாதிரி நின்றது. பிறகு தானே பிடித்து, லேசாக முன்பக்கம் சாய்த்து அப்படியே வைத்திருந்தாள். கொஞ்சம் நகர்ந்த இடத்தில் குறி நின்றது.

"இப்ப நீங்க பிடிங்க."

உச்சியார் பிடித்தார். கூட்டல் குறி துடித்தது. மேலே, கீழே, மேலே, கீழே. சட்டியில் விழுந்த கடுகு மாதிரி அது குதிப்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று உச்சியார் வெற்றிக் களிப்பில் கத்தினார்.

அவள் திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தாள்.

"நீ மேசைய ஆட்டறே."

அவள் இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். குறி குதித்துக்கொண்டேதான் இருந்தது. ஒயரில் கோளாறு என்றார். ஒயரை மாற்றினாள். குதித்தது. மின்விசிறி என்றார். நிறுத்தினாள். குதித்தது.

"சார்" என்றாள், குரல் இப்போது இறங்கியிருந்தது. "எடது கையால பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். கூட்டல் குறி நின்றது. வலது கைக்கு மாற்றினார். குதித்தது. இடது, நின்றது. வலது, குதித்தது. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்தாவது தடவை பார்க்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில வெறும் வயித்துல வந்தேன்" என்றார். மணி சாயங்காலம் ஐந்து.

அவள் நல்ல பெண். சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டவும் இல்லை. ரிப்பேர் செய்கிறவர்களின் வழக்கப்படி, இதற்கு என்ன வழி என்று பார்த்தாள். "இதுக்கு ஒரு செட்டிங் இருக்கு சார். நடுவுல கொஞ்ச தூரத்துக்கு என்ன அசைஞ்சாலும் கண்டுக்காதேன்னு சொல்லிடலாம். அந்த எல்லைய தாண்டித் தள்ளினா மட்டும்தான் விமானத்துக்குத் தெரியும். நிறைய பேரு வெச்சுக்கறாங்க." இரண்டு தட்டு தட்டினாள். "இப்ப பிடிங்க."

வலது கையால் பிடித்தார். குறி அசையாமல் நின்றது. உச்சியாருக்கு உயிர் திரும்பி வந்தது. "இதை மொதல்லயே செஞ்சு தொலைச்சிருக்கலாம்ல!" என்று அவளையே திட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு தடவை விமானத்தை இறக்கிப் பார்க்கிறேன் என்றார். அவளுடைய கம்ப்யூட்டரிலும் அந்த விளையாட்டு இருந்தது. மூக்கு ஆடவில்லை. ரன்வே நெருங்கியது. கொஞ்சம் இறங்கட்டும் என்று லேசாகத் தள்ளினார். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்போதும் இறங்கவில்லை. இன்னும் ஒரு மயிரிழை தள்ளினார், விமானம் சட்டென்று மூக்கைக் குத்திக்கொண்டு தொப்பென்று விழுந்தது.

"நடுவுல ப்ளே இருக்கில்ல, தள்ளினாலும் கண்டுக்காத அந்த எடம், அதான். பழகிட்டா சரியாயிடும்" என்றாள் அவள்.

ப்ளே. அந்த வார்த்தையைக் கேட்டதும் உச்சியார் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். இதே வார்த்தையை ஆறு மாசத்துக்கு முன்னால் கிரேனைப் பழுது பார்க்கிற பிட்டர் சொல்லியிருக்கிறார். கையை வைத்தாலே கொக்கி இழுக்கிறது, லீவர் தொட்டாச்சிணுங்கி மாதிரி இருக்கிறது, நீயெல்லாம் ஒரு பிட்டரா என்று உச்சியார் கூண்டிலிருந்தே அந்த மனிதரை வறுத்து எடுத்தார். பிட்டர் ஏறி வந்தார், கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஏதோ திருகினார், "நடுவுல நல்லா ப்ளே விட்டுட்டேன்ணே, இனிமே சும்மா கை பட்டா அசையாது. கொஞ்சம் அதிகமா தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதோடு லீவர் ஒழுங்காகிவிட்டது என்று உச்சியார் நிம்மதியாக இருந்தார்.

பதினாறு நாளுக்கு முன்னால் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். பதினான்காவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியார் மேலேயிருந்து ஒரு கம்பிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தளத்தில் நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்கிற சிக்னல்காரன் அவருடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. "மாமா, மெதுவா... இன்னும் ஒரு முழம்... மெதுவா மாமா..." என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். உச்சியார் லீவரைத் தள்ளத் தள்ளக் கட்டு அந்தரத்திலேயே நின்றது. நின்றது. பிறகு திடீரென்று ஒரு ஆள் உயரத்துக்கு விழுந்து தளத்தின் விளிம்பில் மோதியது. கம்பி கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் எகிறிக் குதித்துத் தப்பினார்கள். ஒருவருடைய ஹெல்மெட் மட்டும் பதினான்கு மாடியும் விழுந்து கீழே சிதறியது. அதற்குள் ஒரு தலை இல்லாதது யாரோ செய்த புண்ணியம்.

உச்சியார் அந்த நிமிஷமே வாக்கி டாக்கியை எடுத்தார். அது எல்லோருக்கும் ஒரே சானல். தளத்தில், கேட்டில், ஆபீசில், கான்கிரீட் கலக்கும் இடத்தில் என்று ஐம்பது அறுபது பேர் கேட்க, மச்சினனைக் கிழி கிழியென்று கிழித்தார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒரு முழம்னா எவ்வளவுன்னு தெரியுமாடா உனக்கு? ரெண்டு பேரைக் கொன்னிருப்பியேடா! உன்னையெல்லாம் சிக்னலுக்கு விட்டது என் தப்பு!" மச்சினன் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னான். "மாமா, நான் மெதுவான்னுதான் சொன்னேன்." சூப்பர்வைசர் யார் பேச்சை எடுப்பார்? இருபத்திரண்டு வருஷ அனுபவத்தின் பேச்சைத்தான் எடுத்தார். தவறான சிக்னல் என்று ரிப்போர்ட் எழுதி, மச்சினனைக் கேட்டுக்கு அனுப்பினார்கள், லாரி நம்பர் குறிக்கிற வேலைக்கு.

கடைக்காரப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், தண்ணி ஏதாவது வேணுமா?"

"வேணாம்." விமானம் விழுந்த திரையை இன்னொரு தடவை பார்த்தார். "அந்த செட்டிங்கை எடுத்துடும்மா."

"எடுத்தா மறுபடி ஆடுமே சார்."

"ஆடட்டும். இதையே எடுத்துக்கறேன். உள்ளதைக் காட்டறது இது ஒண்ணுதான்."

வீட்டுக்கு நடந்தார். வழி நெடுக யாரைத் திட்டுவது என்று தேடிக்கொண்டே போனார். பிட்டரைத் திட்டலாம், கேட்டதும் திருகிக் கொடுத்துவிட்டானே, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டானா? ஆனால் கேட்டிருந்தால் கூண்டிலிருந்து அவனைத் தள்ளிவிடுகிற அளவுக்குக் குதித்திருப்போம் என்பதும் தெரிந்தது. கம்பெனியைத் திட்டலாம், வெயிலைத் திட்டலாம், வயதைத் திட்டலாம். தெரு முனை வரைக்கும் ஆள் கிடைக்கவில்லை. அவருக்கு வந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய் இறக்க வேறு இடமே இல்லாமல் அது அவரையே திருப்பி அடித்தது.

வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் மேசைக்கு ஒட்டினாற்போல் மனைவியின் தையல் மிஷின். கார் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கிறவள். கணவர் விமானம் ஓட்டும்போது இவள் மிஷின் ஓட்டுவாள், இரண்டு சத்தமும் போட்டி போடும். இந்தப் பதினாறு நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை. மிதிக்கிற மிதியில்தான் பேச்செல்லாம். பெட்டியோடு அவர் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் மிஷின் நின்றது.

"மறுபடியும் வாங்கியாச்சா?" பதினாறு நாளில் முதல் பேச்சு. "என் தம்பி நாள் பூரா கேட்டுல நின்னு லாரிய எண்றான். போறவன் வர்றவனெல்லாம் 'என்ன மச்சான், ஒரு முழம் எவ்வளவு?'ன்னு கேட்டுச் சிரிக்கிறான். உங்களுக்கு விமானம் கேக்குதா? வெக்கமா இல்ல?"

உச்சியார் வழக்கமாகப் போடுகிற சத்தத்தைப் போடாமல் பெட்டியைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அதைக் கண்டு கொஞ்சம் மிரண்டுதான் போனாள். எழுந்து போய் டீ கொண்டு வந்து வைத்தாள். வழக்கம்போல அரை டம்ளர்.

இந்த அரை டம்ளருக்காக நாலு மாசமாக வீட்டில் நடக்காத சண்டை இல்லை. "டீத்தூளுக்குப் பஞ்சமா? மனுஷனுக்கு முழு டம்ளர் குடுத்தா கொறஞ்சா போயிடுவே?" என்று தினமும் கத்துவார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். இன்றைக்கு உச்சியார் வலது கையால் டம்ளரை எடுத்தார். டீ விளிம்பு வரை எழும்பி எழும்பி அடங்கியது. சிந்தவில்லை. அரை டம்ளர் என்பதால் சிந்தவில்லை.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா?" அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டு வந்தது. "ரெண்டு தடவை சொன்னேன். மொத தடவை கேட்டதுக்கு 'யாருக்குடி நடுங்குது'ன்னு டம்ளரை விட்டெறிஞ்சீங்க. அதோ செவுத்துல கறை இன்னும் இருக்கு. ரெண்டாவது தடவை டாக்டர்கிட்ட போலாம்னதுக்கு மூணு நாள் சாப்பிடாம முறுக்கிட்டுத் திரிஞ்சீங்க. அப்புறம் என்ன செய்யச் சொல்றீங்க? சட்டையில கொட்டாம இருக்கட்டும்னு கொறைச்சு ஊத்தினேன். லீவரையும் இதே கையாலதான் பிடிக்கறீங்கன்னு எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தோணவே இல்லையே! தோணியிருந்தா அந்தக் கிரேன் காலையே கட்டிப் பிடிச்சு உங்கள ஏற விட்டிருக்க மாட்டேனே!" சொல்லிக்கொண்டே தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவன் மெதுவான்னுதான் சொன்னான்" என்றார் உச்சியார். "நான்தான்..." என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து, தைக்காமல், அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கே போய்ச் சொல்றீங்க" என்றாள்.

மறுநாள் காலை கிரேன் ஏணிப் பக்கம் போகாமல் நேரே ஆபீசுக்குப் போனார். தகரக் கொட்டகை ஆபீஸ். வரைபடங்கள் குவிந்த மேசைக்குப் பின்னால் சூப்பர்வைசர். உச்சியார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: கை, லீவர், பிட்டர் விட்ட ப்ளே, கம்பிக் கட்டு. சூப்பர்வைசர் காதில் வாங்கிக்கொண்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறணும்? யாருக்கும் அடி படல. ரெண்டு மாசத்துல மொட்டை மாடி போட்டாகணும், இப்ப நான் ஆளுக்கு எங்க போவேன்? பிட்டரை விட்டு இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றேன். உங்க மச்சினனை சத்தமில்லாம பழைய வேலைக்குப் போட்டுடறேன். அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்குல்ல உங்களுக்கு?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். மச்சினனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், உச்சியாருக்குக் கூண்டு நிலைக்கும், யார் வாயும் மெல்லாது. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். உச்சியாரின் தலை ஆடவும் பார்த்தது, ஒளிப்பானேன். ஆனால் அந்தக் கட்டு அந்தரத்தில் நின்று, நின்று, பிறகு விழுந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. அடியில் நின்று "மெதுவா மாமா" என்று சொன்ன குரலும் வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ தடவை எதற்கோ யார் மேலோ வந்து வீணாய்ப்போன அந்தக் கோபம், முதல் தடவையாக வர வேண்டிய நேரத்துக்கு, வர வேண்டிய இடத்துக்கு வந்தது.

"யோவ்!" மேசையில் அவர் அறைந்த அறையில் வரைபடங்கள் எழும்பி விழுந்தன. "இன்னும் ப்ளே விடுவியா? ஒரு ஆள் உயரம் விழுந்தது போதாதா, ரெண்டு ஆள் உயரம் விழணுமா? அடியில நிக்கிறது உன் மச்சினனா என் மச்சினனா? எழுதுய்யா! நான் சொல்றேன், நீ எழுது!"

சூப்பர்வைசர் எழுதினார். உச்சியார் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷமாகவே அந்தக் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்ததை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தார்.

கேட்டில் மச்சினன் ஒரு லாரிக்குப் பக்கத்தில் நின்று நோட்டில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். உச்சியார் பக்கத்தில் போய், கடையில் நடந்ததிலிருந்து ஆபீசில் எழுதியது வரை சுருக்கமாகச் சொன்னார். "நாளையிலிருந்து நீ சிக்னலுக்குப் போயிடு. மேல வேற ஆள் வருவாரு" என்று முடித்தார். அவன் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைப்பான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

மச்சினன் நோட்டை மூடினான்.

"பதினாறு நாள், மாமா. நான் சொன்னது தப்போன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி படுத்தா, மெதுவான்னு சொன்னேனா, விடுன்னு சொன்னேனான்னு திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்துட்டு இருந்தேன். ரெண்டு பேரைக் கொல்லப் பாத்தவன்னு என்னையே நான் நெனச்சுக்கிட்டேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தப்புதான்டா."

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்கு இப்பத்தான் தெரிஞ்சு போச்சே. ஆபீஸ்ல கதவ சாத்திட்டு எழுதினா யாருக்குத் தெரியும்?" இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை உருவி நீட்டினான். "அன்னிக்கு இதுலதான் எல்லாரும் கேக்கத் திட்டினீங்க. இதுலயே சொல்லுங்க."

உச்சியாருக்குச் சுள்ளென்று ஏறியது. தான் வேலை வாங்கிக் கொடுத்த பயல், தனக்கே உத்தரவு போடுகிறான்! கண்ணால் எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். மச்சினன் கையை இறக்கவில்லை. அவன் பார்வையும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வாக்கி டாக்கியை வலது கையால்தான் வாங்கினார், பழக்கம். பொத்தானை அழுத்தினார். "நான் உச்சி பேசறேன். எல்லாரும் கேளுங்க. அன்னிக்குக் கம்பிக் கட்டு விழுந்தது..." கட்டைவிரல் உதறியது. பொத்தான் விட்டு விட்டு அழுந்தியது. அந்தப் பக்கம் கேட்டவர்களுக்கு 'விழுந்தது', 'மச்சினன்', 'தப்பு' என்று துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்ந்தது. "என்ன சொல்றீங்க? மச்சினன் தப்பா? மறுபடியுமா?" என்று தளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

உச்சியார் மறுபடி அழுத்தினார். மறுபடி விட்டுப்போனது. "இந்தச் சனியன்..." என்று வாக்கி டாக்கியைத் திட்டத் தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மச்சினன் ஓரடி முன்னால் வந்தான். ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகத்தில் கடுகடுப்பும் குறையவில்லை. மாமாவின் நடுங்குகிற விரலுக்கு மேலேயே தன் விரலை வைத்து, பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ம், இப்ப சொல்லுங்க" என்றான். "முழுசா சொல்லுங்க."

உச்சியார் முழுசாகச் சொன்னார்.